தங்கிட்டு வந்த இடத்துலேர்ந்து போன், கார்டு, வாழ்த்துன்னு வந்த அனுபவம் இருக்கா, சொல்லுங்க

உடுமலைக்காரன்

இன்னைக்கு தபால்ல ஒரு பொங்கல் வாழ்த்து கார்டு வந்துச்சுங்க. சொந்தக்காரங்க அனுப்புனது இல்ல, மூணார்ல 2016 மே மாசம் நாங்க மூணே நாள் தங்குன ஒரு ஹோம்ஸ்டேகாரர் அனுப்புனது. 2019லேர்ந்து வருஷம் தவறாம வருது. 5 ரூபா ஸ்டாம்பு, நீல பால்பாயின்ட் பேனா, உள்ள கரும்பும் பானையும் அச்சடிச்ச படம், அதுக்குப் பின்னாடி நாலு வரி கைல எழுதியிருப்பாரு. இந்தத் தடவை எழுதுனது, "அம்மாயிக்கு முட்டிவலி எப்படி இருக்கு, கீழ் ரூமுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் போட்டாச்சு, இனி படி ஏற வேண்டியதில்ல."

அவரும் தமிழ்க்காரர்தான், தாத்தா காலத்துலயே எஸ்டேட் வேலைக்கு மலை ஏறுன குடும்பம். நாங்க போனப்ப எங்க அம்மாயி குளிர்ல தூங்க முடியாம ராத்திரி அடுப்படிக்கே போயி உக்காந்துக்கிச்சு, அவரும் அவர் வீட்டம்மாவும் கூடவே உக்காந்து பேசியிருக்காங்க. அம்மாயி 82ல ஒருக்கா குறிஞ்சி பூத்ததைப் பாத்துருக்கு, அதுக்கப்புறம் 94லயும் 2006லயும் போக முடியல, அடுத்து எப்ப பூக்கும்னு கேட்டுருக்கு. 12 வருஷத்துக்கு ஒருக்காதானே, 2018ல பூக்கும் பாட்டி, நானே கூப்புட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு நீள நோட்டு ஒண்ணுல எங்க நம்பரை எழுதி பக்கத்துல "பாட்டி – குறிஞ்சி"ன்னு குறிச்சுக்கிட்டாரு. சும்மா பேச்சுக்குச் சொல்றாருன்னுதான் நான் நெனச்சேன்.

2018 ஜூலைல நிஜமாவே போன் வந்துச்சுங்க. மொட்டு வந்துருச்சு, ஆகஸ்ட் கடைசில கூட்டிட்டு வாங்கன்னாரு. 2000 ரூபா அட்வான்ஸ் போட்டு ரெடியா இருந்தோம், அப்பத்தான் அந்தக் கேரள வெள்ளம். நாலஞ்சு நாளா அவருக்கு லைனே போகல, டிவில மூணார் தனியாத் துண்டிச்சுக் கெடக்குதுன்னு காட்டக் காட்ட அம்மாயி சாப்புடக்கூட இல்ல. அப்புறம் எங்கியோ சிக்னல் கெடைக்கிற எடத்துக்கு வந்து அவரே கூப்புட்டாரு. "பெரியவரைங்கற எடத்துல பாலம் போயிருச்சு, மறையூர் ரூட்ல நீங்க வரவே முடியாது, அட்வான்ஸைத் திருப்பிப் போட்டுர்றேன், பாட்டிகிட்ட மட்டும் பக்குவமாச் சொல்லுங்க." அவருக்கு அந்த சீசனே போச்சு, குறிஞ்சிக்குன்னு புக் ஆனது அத்தனையும் கேன்சல். அந்த நெலமைல நெனப்பு எங்க அம்மாயி மேல இருந்துருக்கு பாருங்க.

மழை விட்டப்புறம் கொழுக்குமலைப் பக்கம் பூத்ததை போட்டோ எடுத்து, கடைல பிரிண்ட் போட்டு அடுத்த பொங்கலுக்கு கார்டோட அனுப்புனாரு. அதுதான் மொத கார்டு. அந்த போட்டோ இன்னும் எங்க வீட்டு சாமி அலமாரில இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். பிப்ரவரி ஆனா அவர்கிட்டேர்ந்து வாட்ஸ்அப் வரும், வரையாடு குட்டி போடற சீசன், இரவிகுளம் பார்க்கை மூடிட்டாங்க, மார்ச் முடியட்டும் அப்புறம் வாங்கன்னு. ரூம் வாடகையில பொழைக்கிற மனுசன் வராதீங்கன்னு சொல்றது எவ்வளவு பெரிய விசயம், அதனாலயே அவரு வாங்கன்னு சொல்லும்போது யோசிக்காமக் கெளம்பிருவோம், நடுவுல ரெண்டு தடவை போயும் வந்துட்டோம். உங்களுக்கும் இப்படி யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

தாம்பரம் அக்கா

எங்களுக்கு ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ் மேனேஜர் இருக்கார். அப்பா 2014ல தவறிட்டார், அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு தர்ப்பணம் குடுக்கப் போனப்ப ரூம் கிடைக்காம பையைத் தூக்கிட்டு அலைஞ்சோம், அம்மாவுக்கு தலைசுத்தி உக்காந்துட்டாங்க. அவர்தான் கூப்பிட்டு உக்கார வச்சு சுக்கு காபி குடுத்து, ஒரு மணி நேரத்துல காலியாகிற ரூமை எங்களுக்குன்னு எடுத்து வச்சார். அதுலேர்ந்து ஆடி பொறந்தா போன் வந்துடும். "அமாவாசைக்கு எழுதிரட்டுமாம்மா?" அவ்வளவுதான் கேப்பார். ஹேப்பி அது இதுன்னு ஒண்ணும் கிடையாது, நாங்க எதுக்கு வர்றோம்னு தெரிஞ்சவர் எப்படி ஹேப்பின்னு ஆரம்பிப்பார்?

2022 டிசம்பர்ல பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்திட்டாங்க இல்லையா, அப்ப நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவர் கூப்பிட்டார், டிக்கெட் மண்டபம் வரைக்கும்தான் கிடைக்கும், அம்மாவை பஸ்ஸுல ஏத்தி இறக்காதீங்க, ஸ்டேஷன்லேர்ந்து எனக்குத் தெரிஞ்ச ஆட்டோ வந்து நிக்கும்னு. அந்த ரெண்டு வருஷத்துக்கு மேல அப்படித்தான் போயிட்டு வந்தோம். 2025 ஏப்ரல் 6 புதுப் பாலம் திறந்தாங்க, அன்னைக்கு சாயங்காலமே போன், "அம்மா, ரயில் ஊருக்குள்ளயே வருது, அம்மாகிட்ட சொல்லுங்க." குரல்ல அவ்வளவு சந்தோஷம். அம்மா ஸ்பீக்கர்ல கேட்டுட்டு அழுதுட்டாங்க, ஏன்னா அந்தப் பழைய பாலத்துல அப்பாகூட ஜன்னல் ஓரமா உக்காந்து போனதை அடிக்கடி சொல்லிட்டே இருப்பாங்க.

அவரும் உடுமலைக்காரர் சொன்ன மாதிரிதான், வியாபாரத்தை மட்டும் பாக்கறவர் இல்ல. கூட்டத்துல 22 தீர்த்தமும் அம்மாவால முடியாது, அக்னி தீர்த்தத்துல முழுகி தர்ப்பணத்தை முடிச்சிட்டு ரூமுக்கு வந்துடுங்க, தீர்த்தமாட சாதாரண நாள்ல இன்னொரு தடவை வாங்கன்னு சொல்லுவார். ஈரத்துணியோட வர்றவங்களுக்குன்னு மொட்டை மாடில நீளமா கொடி கட்டி வச்சிருப்பார், புடவை காயப்போட தனி ஓரம்.

திருச்சி மகள்

மேல இருக்கறதெல்லாம் படிச்சேன், எனக்கு நேர்மாறான அனுபவம். ஹோட்டல் பேர் வேண்டாம். அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு சொந்தக்காரங்களுக்காக 8 ரூம் எடுத்தோம், கல்யாண நாள், பொறந்த நாள் எல்லாம் ஒரு பாரத்துல எழுதி வாங்கினாங்க. மூணு வருஷம் கழிச்சு அப்பா போயிட்டார். அவர் போனை அம்மாதான் வச்சிருக்காங்க, அந்த நம்பர் சாகக்கூடாதுன்னு ரீசார்ஜ் பண்ணிட்டே இருக்காங்க. கல்யாண நாள் அன்னைக்கு காலைல சரியா 9 மணிக்கு அதுல மெசேஜ் வருது, அப்பா பேரைப் போட்டு, உங்க துணைவியோட கேண்டில் லைட் டின்னருக்கு வாங்க, 20 பர்சன்ட் தள்ளுபடின்னு.

முதல் வருஷம் நானே போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். சாரி மேம், எடுத்துடறோம்னாங்க. அடுத்த வருஷமும் வந்துச்சு, அதுக்கடுத்த வருஷமும். மூணாவது தடவை ரிசப்ஷன்ல இருந்த பையன் "சார் எப்ப மேம் திரும்ப வருவார்"னு கேட்டான், நான் போனை வச்சிட்டேன். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா அன்னைக்குப் பூரா அந்தப் போனைக் கைல எடுக்க மாட்டாங்க. இதை எப்படி நிறுத்தறதுன்னு யாருக்காவது தெரிஞ்சா ப்ளீஸ் சொல்லுங்க.

ப்ரண்ட் ஆபீஸ்ல 10 வருஷம்

திருச்சி சிஸ்டர், படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. நான் ஹோட்டல் ப்ரண்ட் ஆபீஸ்லயும் அப்புறம் கெஸ்ட் ரிலேஷன்ஸ்லயும் இருந்தவ, உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், அப்பதான் எங்க போய்த் தட்டணும்னு தெரியும்.

நீங்க செக்-இன் பண்றப்ப குடுக்கற ஐடி ப்ரூஃப், பாரம் எல்லாத்துலேர்ந்தும் உங்க பேர்ல ஒரு ப்ரொஃபைல் திறப்பாங்க. பொறந்த நாள் தேதி எங்களுக்கு எப்படித் தெரியும்னு நிறைய பேர் கேப்பாங்க, அங்கேர்ந்துதான். உங்க விஷயத்துல 8 ரூம் ஒரே பேர்ல எடுத்ததால அப்பா பேர்லயே ரெண்டு மூணு ப்ரொஃபைல் இருக்க வாய்ப்பு அதிகம், ஸ்பெல்லிங் ஒரு எழுத்து மாறினாலும் சிஸ்டம் அதைப் புது ஆளுன்னுதான் எடுத்துக்கும். ரிசப்ஷன் பையன் ஒண்ணை நீக்கினாலும் இன்னொண்ணு உள்ளயே இருக்கும். அதுக்கும் மேல, மெசேஜ் அனுப்பறது பெரும்பாலும் ரிசப்ஷன் கிடையாது, மார்க்கெட்டிங்ல தனி சாஃப்ட்வேர், எப்பவோ எடுத்து ஏத்தின லிஸ்ட் அதுல ஓடிட்டே இருக்கும். அதனால போன்ல சொல்லாதீங்க. ஜெனரல் மேனேஜருக்கு மெயில் போடுங்க, அப்பா நம்பர், மெயில் ஐடி, தங்கின தேதி எல்லாம் எழுதி, எல்லா ப்ரொஃபைலையும் ஒண்ணாச் சேர்த்து மூடணும், மார்க்கெட்டிங் லிஸ்ட்லேர்ந்தும் எடுக்கணும், எடுத்துட்டு பதில் போடணும்னு கேளுங்க. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லயே வந்தாச்சு, விதிகளும் 2025 நவம்பர்ல வந்துடுச்சு, இது படிப்படியா அமலாகுது, அதை ஒரு வரி குறிப்பிட்டீங்கன்னா மெயில் அலட்சியமா போகாது.

நான் இருந்த இடத்துல காலைல 7 மணிக்கு அன்னைக்கு யாருக்கெல்லாம் பொறந்த நாள், கல்யாண நாள்னு ஒரு லிஸ்ட் எடுப்போம். 40 பேர் இருந்தா 40 பேருக்கும் கார்டு எழுத முடியாது, 5 பேருக்குத்தான் எழுதுவேன், யாரைப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்கோ அவங்களுக்கு. ஒரு பெரியவருக்கு தலகாணி ரெண்டு வேணும், இன்னொரு வீட்டுக் குழந்தை லிஃப்ட் பட்டனைத் தானே அமுக்கணும்னு அழுவா, இதையெல்லாம் ரிமார்க்ஸ்ல போட்டு வச்சிருப்பேன். "பாப்பா இப்ப எந்த மாடி வரைக்கும் எட்டறா?"ன்னு எழுதி அனுப்பினேன், அந்தம்மா அவளோட கையெழுத்துலயே பதில் வாங்கி அனுப்பினாங்க. மிச்சம் 35 பேருக்கு மெஷின் அனுப்பும். எனக்கு அதுல உறுத்தல் இருந்துட்டே இருந்துச்சு. மேனேஜ்மென்ட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு, ஆப் வழியா புக் ஆனா கமிஷன் போகும், நேரா போன் பண்ணி வந்தா முழுசா நிக்கும், அதுக்குத்தான் இந்த வாழ்த்தெல்லாம். கணக்கு பாக்கறது தப்பில்ல. யாரு இருக்காங்க யாரு இல்லன்னு கூட பாக்காம அனுப்பறது தப்பு.

டோக்கியோ வாசி

திருச்சி சிஸ்டர் எழுதினதைப் படிச்சதும் இதைச் சொல்லியே ஆகணும்னு தோணுச்சு. நான் ஜப்பான்ல வேலை பாக்கறேன். 2022 நவம்பர்ல ஹக்கோனேல ஒரு ரியோகான்ல தங்கினேன், ரியோகான்னா பழைய பாணி சத்திரம், பல இடத்துல வெந்நீர் ஊத்துக் குளியலும் இருக்கும், நடத்தறது பெரும்பாலும் ஒரு அம்மா, ஒகாமின்னு சொல்லுவாங்க. நான் சைவம்னு சொன்னதும், இங்க பெரும்பாலான ரசத்துல காய்ஞ்ச மீனைச் சீவிப் போடுவாங்க இல்லையா, எனக்கு மட்டும் கொம்புன்னு ஒரு கடல்பாசி இருக்கு, அதுல ரசம் வச்சுக் குடுத்தாங்க. கிளம்பறப்ப பஸ் திரும்பற வரைக்கும் வாசல்ல நின்னு குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டே இருந்தாங்க.

அடுத்த ஜனவரி 1 காலைல தபால்காரர் ஒரு கார்டு போட்டார். நெங்காஜோன்னு சொல்ற புது வருஷ வாழ்த்து, டிசம்பர் 25க்குள்ள போஸ்ட் பண்ணிட்டா நாடு முழுக்க ஜனவரி 1 அன்னைக்கே பட்டுவாடா ஆகிடும். அந்தம்மா அனுப்பினது. எனக்கு சீன எழுத்து படிக்க வராதுன்னு பேச்சோட பேச்சா சொல்லியிருந்தேன், அதை ஞாபகம் வச்சு முழுக் கார்டையும் ஹிரகானாலயே, அதாவது இங்க பிள்ளைங்க முதல்ல கத்துக்கற சுலபமான எழுத்துலயே எழுதியிருந்தாங்க, சின்னப் பிள்ளைக்கு எழுதற மாதிரி பெரிசு பெரிசா, அடுத்த தடவையும் கொம்பு ரசம்தான்னு ஒரு வரி. ஆபீஸ்ல காட்டினேன், கூட வேலை பாக்கறவர் ஜனவரி 7க்குள்ள பதில் போடணும், வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னார். போட்டேன்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல எங்கப்பா தவறிட்டார். அப்பதான் அந்த ஆபீஸ்காரர் இன்னொரு வழக்கம் சொன்னார், துக்கம் நடந்த வீடு டிசம்பர் ஆரம்பத்துலயே எல்லாருக்கும் ஒரு கார்டு போட்டுடுமாம், இந்த வருஷம் நாங்க வாழ்த்து சொல்லற நிலைமைல இல்லன்னு. அது கிடைச்சவங்க நெங்காஜோ அனுப்ப மாட்டாங்க. நானும் ஹக்கோனேக்கு அனுப்பினேன். ஜனவரி 1 ஒண்ணும் வரல. ஜனவரி நடுவுல ஒரு கார்டு வந்துச்சு, பூ இல்ல, தங்கக் கலர் இல்ல, சாம்பல் நிறத்துல ஒரு மலை மட்டும். குளிர் அதிகமா இருக்கு, சூடா ஏதாவது குடிங்க, உடம்பைப் பாத்துக்கோங்கன்னு, அதே பெரிய ஹிரகானா எழுத்துல. அப்பாவுக்கு காரியம் முடிச்சு திரும்பி வந்து தனியா இருந்த ரூம்ல, ஆறுதல்னு எனக்கு வந்த ஒரே தபால் அதுதான்.

திருச்சி மகள்

ப்ரண்ட் ஆபீஸ் அக்கா, மெயில் போட்டுட்டேன், நீங்க சொன்ன மாதிரியே. டோக்கியோ அண்ணா, உங்க பதிவை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அந்த சாம்பல் மலை வர்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க.

உடுமலைக்காரன்

எல்லாத்தையும் படிச்சேனுங்க. பதில் போடணும்னு டோக்கியோ தம்பி எழுதுனதைப் படிச்சதுக்கப்புறம்தான் உறைச்சுச்சு, இத்தன வருசத்துல போன்ல பேசியிருக்கோம், வாட்ஸ்அப்ல கும்புடு போட்டுருக்கோம், ஒரு கார்டு நாங்க திருப்பி அனுப்புனது இல்ல. உடுமலைல நாலு கடை ஏறி எறங்கியும் பொங்கல் கார்டு கெடைக்கல, வெறும் இன்லேண்ட் லெட்டர்தான் போஸ்டாபீஸ்ல வாங்குனேன். அம்மாயி சொல்லச் சொல்ல எழுதுனேன், நடுவுல திருத்தவே விடல. இதுதான் அது சொன்னது:

"சாமி நல்லா இருக்கியா. வூட்டுக்காரி நல்லா இருக்காளா. கீழ் ரூம்பு எனக்குன்னு வெச்சிரு. 2030ல எனக்கு என்ன வயசாகும்னு பேரன் கணக்குப் போட்டுச் சொன்னான், நான் கேக்கல. பூ வந்தாச் சொல்லு, அதுக்கு மின்னாடி பாலம் நிக்குதான்னு பாத்துச் சொல்லு."