அந்தக் காலத்து யூரோவிஷன் பார்த்தவர்கள் ஒருக்கா இங்கே வாங்கோ

வடதுருவத்தான்

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் பிள்ளைகள் யூரோவிஷன் என்கிற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியைப் பார்க்க ரீவிக்கு முன்னால் கூடிவிடுவார்கள். லேசர் வெளிச்சம், நெருப்பு, புகை, பின்னால் ஒரு மலையளவு திரை. நானும் ஒரு பத்து நிமிஷம் இருந்து பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன். எனக்கு யூரோவிஷன் என்றால் அது 1985 தான், அதற்குப் பிறகு வந்தது எல்லாம் உபரி. அதை எழுதத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன், உங்களுக்கும் அப்படி ஒரு இரவு இருந்தால் எழுதுங்கோ.

1984 ஓகஸ்டில் நோர்வேக்கு வந்தேன். அந்த நேரம் எங்கட ஆட்கள் கனபேர் வந்த வழிதான், போல்க்கஹொய்ஸ்கூலே என்று சொல்கிற விடுதிப் பள்ளிக்கூடம். நான் போய்ச் சேர்ந்தது நல்லா வடக்கே. எழுபது எண்பது நோர்வேப் பிள்ளைகளுக்குள் தமிழர் என்று நானும் ஒரு பருத்தித்துறைப் பெடியனும் மட்டும். ரீவி ஒன்று, அதில் வருவதும் ஒரே ஒரு சனல். மே 4, சனிக்கிழமை இரவு, முழுப் பள்ளிக்கூடமும் அந்த ஒரு ரீவிக்கு முன்னால் நிலத்தில் குந்திக்கொண்டிருந்தது. சுடச்சுட வாஃபிள், அதற்கு மேல் மண்ணிறச் சீஸை மெல்லிசாகச் சீவிப் போட்டுத் தருவார்கள். அந்தச் சீஸின் தித்திப்பு எனக்குப் பிடிபட ஒரு வருஷம் எடுத்தது.

போட்டி நடந்தது சுவீடனில், கோத்தன்பேர்க்கில். நடத்தியவர் லில் லிண்ட்ஃபோர்ஸ். இடையில் ஒருமுறை அவர் மேடைக்கு வரும்போது பாவாடை எதிலோ கொழுவிக் கழன்று விழுந்துவிட்டது. மண்டபமே ஒரு கணம் மூச்சு விடவில்லை. பருத்தித்துறையான் பட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டான். அவரோ ஒன்றும் நடக்காத மாதிரி தோளில் மடிந்து கிடந்த துணியை இழுத்து விட்டார், அது முழு நீள உடுப்பாகிவிட்டது! எல்லாம் ஏற்கெனவே திட்டம் போட்டுச் செய்த வேலை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு கிழமை கதைத்தோம்.

நோர்வேக்காகப் பாடியது பொபிசொக்ஸ் என்ற இரட்டையர். ஹன்னே குரோக், எலிசபெத் அந்திரேயாசன். மினுங்குகிற ஊதா மேற்சட்டை, எடுத்த எடுப்பிலேயே சக்சபோன். 'லா தெ ஸ்விங்கே' பாட்டு முழுக்க நோர்வே மொழியில், அந்தக் காலத்தில் அவரவர் நாட்டு மொழியில்தான் பாடவேண்டும் என்பது சட்டம். எட்டு மாதம் படித்தும் எனக்குப் பாட்டில் பாதி விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளின் பாட்டுக்குப் போட்ட புள்ளியை வாசிக்கத் தொடங்கினதும் எல்லாம் விளங்கியது. இலக்கம்தானே.

எங்கள் ஆசிரியர் முதலில் நம்பவே இல்லை. "பொறு, பொறு, இனிமேல்தான் விழுவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரில் பிழை இல்லை. நோர்வே 1978 இலும் சைபர், 1981 இலும் சைபர், கடைசி இடம் எத்தனை தரம் என்று அவர்களே எண்ணுவதை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு 123 புள்ளியோடு முதலாவதாக வந்தபோது அந்த மனிதர், ஐம்பது வயசு இருக்கும், ஆறடி உயரம், கையில் கோப்பிக் கோப்பையோடு நின்று அழுதார். கோப்பி சப்பாத்தில் ஊற்றுப்படுவதுகூடத் தெரியவில்லை. நாங்கள் வெளியில் ஓடினோம். நடுச்சாமம், ஆனால் அந்தப் பக்கத்தில் மே மாதத்தில் எங்கே இருட்டுகிறது, வானம் வெளிறித்தான் கிடந்தது. ஞாயிறு காலையில் அதிபர் கம்பத்தில் கொடி ஏற்றினார். அது கொடி ஏற்றுகிற நாளே இல்லை!

அடுத்த நாளே அம்மாவுக்கு எயர்மெயில் எழுதினேன், "அம்மா, நாங்கள் வென்றுவிட்டோம்" என்று.

பேர்ன்காரி

அண்ணை, நல்ல இழை. எனக்கு 1988, போட்டி நடந்தது டப்ளினில். நாங்கள் சுவிஸுக்கு வந்து ஒன்றரை வருஷம், அகதி முகாம் என்று பேர், ஆனால் அது ஒரு பழைய ஹோட்டல். குசினி பொது, ரீவி அறை பொது. ரீவியில் என்ன பார்ப்பது என்று துருக்கிக் குர்திஷ் ஆட்களுக்கும் எங்கட பெடியளுக்கும் ஒவ்வொரு நாளும் சண்டை. ஏப்ரல் 30 இரவு மட்டும் சண்டை இல்லை, ஏனென்றால் இரண்டு பகுதிக்கும் ஆள் இருந்தது. சுவிஸுக்காகப் பாடினது செலின் டியோன், இருபது வயசுப் பிள்ளை, கனடாவில் கியூபெக். பாட்டுக்கு இசை போட்டவர் அத்திலா ஷெரெஃப்தூக், துருக்கியில் பிறந்தவர். பாட்டு பிரெஞ்சு. என்ர மனுசன் சொன்னார்: "பாட்டுக்கெண்டால் வெளிநாட்டுக்காரர் ஓகேயாம், எங்களைத்தான் இன்னும் விசாரிச்சு முடியேல்லை." அந்த அறையே சிரித்தது. குர்திஷ்காரருக்கு நான்தான் உடைந்த ஜேர்மனில் மொழிபெயர்த்தேன்.

இப்போது செலின் டியோன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது தலைமுடி அவிழ்ந்த ஒரு ஒல்லிப் பிள்ளை வெள்ளை மேற்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் பாட்டின் கடைசிப் பகுதியில் குரலைத் தூக்கினாள் பாருங்கோ, குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு வந்து வாசலில் நின்றா.

பிறகு புள்ளி. கடைசி நாடு யூகோஸ்லாவியா. அந்த நேரம் பிரிட்டன் 136, சுவிஸ் 131. சின்ன இலக்கத்தில் தொடங்கித்தானே வாசிப்பார்கள். ஆறு வந்தது, அது சுவிஸுக்கு, 137 ஆச்சு. ஒன்றால் முன்னுக்கு. ஆனால் இன்னும் ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு கிடக்குது. அதில் எது பிரிட்டனுக்குப் போனாலும் கதை முடிஞ்சுது. ஏழு வேறு ஆளுக்கு. எட்டும் வேறு ஆளுக்கு. பத்தும் இல்லை. பன்னிரண்டு எண்டு சொல்லிப்போட்டு அந்த மனுசன் விட்ட இடைவெளியில் நான் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிச்சு அவன் அழத் தொடங்கிவிட்டான். "பிரான்ஸ்." அவ்வளவுதான். ஒரு புள்ளியால். பிரிட்டனுக்காகப் பாடின ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாவம்.

அடுத்த வருஷம் போட்டி லோசானில் நடந்தது, வென்றது யூகோஸ்லாவியா. நான்கு வருஷம் போக அதே ஹோட்டலுக்கு பொஸ்னியா ஆட்கள் சூட்கேசோடு வந்து இறங்கினார்கள். அப்போது நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம், குசினி அலுமாரி எது எங்களது என்று காட்டிக் கொடுக்கப் போனேன்.

வடதுருவத்தான்

பேர்ன்காரி, 1986 ஐ மறந்துபோனீங்களோ? எங்கள் பேர்கனில் நடந்தது. பெல்ஜியத்தின் சாண்ட்ரா கிம் வென்றதும் சுவிஸ்காரர்தானே முறைப்பாடு கொடுத்தது!

பேர்ன்காரி

மறக்கவில்லை, அப்போது நான் இங்கே இல்லை, ஆனால் இங்கத்தைய ஆட்கள் இப்பவும் சொல்வார்கள். பாட்டில் பதினைந்து வயசு என்று பாடினாள், பார்த்தால் பதின்மூன்று. சுவிஸ் இரண்டாவது, டானியேலா சிமோன்ஸ். அதற்கு இசையும் அதே ஷெரெஃப்தூக்தான். முறைப்பாடு எடுபடவில்லை. அது சரி அண்ணை, பதின்மூன்று வயசுப் பிள்ளை பாடி வென்றால் வென்றதுதானே.

பெர்லின் கிழவன்

நான் உங்கள் எல்லாரையும் விட முந்தி வந்தவன், படிக்க வந்தவன். 1982 ஏப்ரலில் மேற்கு பெர்லினில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் ஒரு அறை. அவருக்கு யூரோவிஷன் என்றால் சீவன். ஒரு வருஷம் தவறவில்லை என்பார். 1964 இல் கோபன்ஹேகனில் பதினாறு வயசு ஜில்லியோலா சின்குவெத்தி பாடி வென்றதை எனக்கு நடித்தே காட்டுவார், கையை எங்கே வைத்தாள், எப்படிச் சிரித்தாள் என்று. அந்தப் போட்டியின் முழுப் படப்பதிவு இன்று இல்லை, ஒலியும் சில துண்டுகளும்தான் மிச்சம் என்று பிற்பாடு படித்தபோது அந்த அம்மாவைத்தான் நினைத்தேன்.

ஹரோகேட்டில் நடந்தது 1982 போட்டி. ஆர்ஜென்டினாவோடு போக்லாந்து யுத்தம் தொடங்கி மூன்று கிழமை, பிரிட்டிஷ் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கிற நேரம், போட்டியை நடத்துவது பிரிட்டன். பதினெட்டு பாட்டில் கடைசியாக நிக்கோல் வந்தாள், ஸார்லாந்துப் பள்ளிக்கூடப் பிள்ளை, பதினேழு வயசு, ஒரு ஸ்டூலில் இருந்து வெள்ளைக் கிற்றாரோடு. பாட்டின் பேர் 'கொஞ்சம் சமாதானம்'. கொஞ்சம் என்று கேட்டதுதான் எனக்குப் பிடித்தது, முழுக்கக் கேட்கவில்லை. 161 புள்ளி, இரண்டாவதாக வந்த இஸ்ரேலுக்கு நூறு. 1956 இல் இருந்து முயன்ற ஜேர்மனிக்கு அதுதான் முதல் வெற்றி. வென்ற பிறகு மறுபடி பாடும்போது ஜேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு என்று மொழி மாறி மாறிப் பாடினாள். டச்சுப் பகுதி வந்ததும் வீட்டுக்கார அம்மா என் தோளில் அடித்து, "கேட்டாயா, கேட்டாயா" என்றார், நான் கேளாமல் வேறு எங்கே போவது.

அடுத்த வருஷம் ஜூலையில் எங்கட ஊர்ச் செய்தி வரத் தொடங்கியது. தந்தி இல்லை, தொலைபேசி இல்லை, நான் வானொலிக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். செய்திக்கு முன்னால் ஒருநாள் இந்தப் பாட்டைப் போட்டார்கள். வீட்டுக்கார அம்மா குசினியில் இருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்தி தொடங்க மறுபடி கூட்டிவிட்டார்.

ஈஸ்ற்ஹாம்

நான் இங்கே பிறந்தவள், தமிழ் எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்குப் பாட்டு முக்கியமில்லை, அந்தக் காலத்தில் பிபிசி வர்ணனையாளர் டெரி வோகன் அடிக்கிற நக்கலைக் கேட்கத்தான் பார்ப்பார், சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும். ஆனால் அம்மா 1974 இல் சுவீடனின் ABBA குழு 'வாட்டர்லூ' பாடினதை யூடியூபில் எத்தனை தரம் பார்த்தா என்று கணக்கில்லை. அந்த இசைக்குழு நடத்துநர் நெப்போலியன் மாதிரி வேஷம் போட்டு வருவார், அந்த இடத்தில் எப்பவும் சிரிப்பா. அதே இரவில் பிரிட்டன் அவர்களுக்கு ஒரு புள்ளிகூடப் போடவில்லை தெரியுமா? பிரைட்டனில் நடத்தியதே பிரிட்டன்.

லாச்சப்பல்காரன்

தங்கச்சி 1974 என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் அந்தப் போட்டியைப் பார்க்கவில்லை, கேட்டேன், அதுவும் 1987 இல், பரிஸில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில். நான் பிளோஞ்ச், கோப்பை கழுவுகிறது. பக்கத்தில் மரக்கறி வெட்டுகிறவர் ஒரு போர்த்துக்கல்காரர், வாய் திறந்து கதைக்கவே மாட்டார், இரவு பதினொரு மணிக்குக் கடைசிச் சட்டிகள் வரும்போது மட்டும் ஒரு பாட்டை முணுமுணுப்பார். ஒவ்வொரு இரவும் அதே பாட்டு. காதல் பாட்டு மாதிரித்தான் கேட்கும். ஒருநாள் அது என்ன பாட்டு என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, கதை சொன்னார்.

'எ தெபோய்ஸ் தோ அதேயுஷ்', பாடியவர் பவுலோ த கார்வாலோ, போர்த்துக்கலின் பாட்டு. 1974 ஏப்ரல் 6 பிரைட்டனில் மூன்றே மூன்று புள்ளி, கடைசி இடம். பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55 க்கு லிஸ்பனில் ஒரு வானொலி அதே பாட்டைப் போட்டது. அதுதான் இராணுவ அதிகாரிகளுக்கு ஆயத்தமாகுங்கள் என்ற சமிக்ஞை. சாதாரணக் காதல் பாட்டு, போட்டியில் தோற்ற பாட்டு, யாருக்குச் சந்தேகம் வரும்? விடிய அரைநூற்றாண்டு சர்வாதிகாரம் விழுந்துவிட்டது. எனக்குக் கதை சொன்ன அந்த மரக்கறி வெட்டுகிறவர் ஆபிரிக்காவில் சண்டைக்குப் போக மறுத்து பரிஸுக்கு ஓடிவந்தவர். "பதினொரு மணி ஆனால் வாயில் வருது, நான் என்ன செய்ய" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் வாயில் வரத் தொடங்கிவிட்டது, சொல் ஒன்றும் தெரியாது, மெட்டு மட்டும்.

இன்னொன்று, அந்த வருஷம் பிரான்ஸ் பாடவே இல்லை. ஜனாதிபதி பொம்பிது ஏப்ரல் 2 இறந்துவிட்டார், பாட இருந்த டானி மண்டபத்தில் பார்வையாளராக இருந்தார். மூன்று புள்ளியோடு கடைசி இடத்தில் போர்த்துக்கலோடு சேர்ந்து நின்ற மற்ற மூன்று நாடு எது தெரியுமோ? நோர்வே, ஜேர்மனி, சுவிஸ். இந்த இழையில் முதலில் எழுதின மூன்று பேருடைய நாடும்!

மீன் கொம்பனி

நோர்வே என்றால் நான் பேசவேண்டும். பின்மார்க்கில் மீன் வெட்டுகிற கொம்பனி, 1989. குளிருக்கு மேல் குளிர், கை மரத்துவிடும், கையுறைக்குள் கையுறை. மேற்பார்வையாளர் கசெட் போடுவார், அதில் 'மீல் எத்தர் மீல்' வந்தால் முழு வரிசையும் சேர்ந்து பாடும். யான் தைகன், 1978, பரிஸ். நோர்வேயின் 'மீல்' பத்துக் கிலோமீற்றர், ஆகவே மைல் மைலாக என்று மொழிபெயர்த்தால் தூரம் காணாது. தோள்பட்டிகளை இழுத்து இழுத்து விட்டு, கடைசியில் துள்ளிக் குதித்து முடித்தார். புள்ளி சைபர். வேறு நாடு என்றால் அந்த மனிசன் வெளியில் தலை காட்டியிருக்க முடியாது. இங்கே அவர் பெரிய நட்சத்திரமாகிவிட்டார், இன்னும் இரண்டு தடவை யூரோவிஷனுக்கு அனுப்பினார்கள். என்னோடு வேலை செய்த ஒரு கிழவி சொல்வா, "வென்றவனின் பாட்டு யாருக்கு ஞாபகம், சைபர்காரனின் பாட்டைப் பாடு." வென்றது இஸ்ரேலின் இஸ்ஹார் கோஹன். அந்த மெட்டும் எனக்கு ஞாபகம்தான், ஆனால் கிழவியிடம் சொல்லவில்லை.

வடதுருவத்தான் அண்ணை, 'லா தெ ஸ்விங்கே' எழுதிய ரோல்ஃப் லெவ்லாண்ட் பத்து வருஷத்துக்குப் பிறகு 1995 இலும் வென்றவர். சீக்ரெட் கார்டன் என்ற குழுவோடு. அந்தப் பாட்டில் மொத்தம் 24 சொல்லுத்தான், மிச்சம் வயலின். அதை மாதிரி ஒன்று இருந்திருந்தால் எட்டு மாத மொழியறிவு உங்களுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

பேர்ன்காரி

எல்லாம் சரி, அம்மாவுக்கு எழுதின கடிதம் என்ன ஆச்சு? அதைப் பாதியில் விட்டுவிட்டீங்கள்.

வடதுருவத்தான்

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நடுவில் ஊர்ப் பாடு, மாமா வீட்டுப் பாடு, யார் யார் கொழும்புக்குப் போய்விட்டார்கள் எல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் இடம் இல்லாமல் குறுக்காக எழுதியிருந்தா: "என்னத்தை வென்றனீங்கள்? விசாவோ?"

கடிதம் இன்னும் இருக்கிறது.