மறுமொழி: ரீட் அவுட் – ‘வாசிப்பு’ வேண்டாம், ‘அளவெடுப்பு’ வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம். கமராவில் ஒளியைப் பதியும் உணரிகள் சிசிடி, சீமொஸ் என இருவகை. அவற்றில் பதிந்ததை அளந்து எண்ணாக்குவதுதான் ரீட் அவுட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒரு நண்பர் எழுதியதற்கு இது என் பதில்.

> சிசிடி உணரியின் ரீட் அவுட்டுக்கு ‘வாசிப்பு’ போதுமே. எளிய சொல்.

எளிமைதான், ஆனால் இங்கே அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. இலங்கையின் ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். வோல்ற்றுமானியின் முள் காட்டும் எண்ணைத்தான் எங்கள் பிள்ளைகள் வாசிப்பு என்பார்கள். நாம் பெயர் தேடுவது அந்த எண்ணுக்கு அல்ல, எண் பிறக்கும் செயலுக்கு.

சிசிடியில் நடப்பதைப் பாருங்கள். ஒளி விழ விழ, சிலிக்கனில் விடுபடும் இலத்திரன்கள் அந்தந்தப் படவணுவிலேயே (பிக்சல், படத்தின் ஒரு புள்ளி) சேர்கின்றன. ஒளிபடும் நேரம் முடிந்ததும் மின்வாய்களின் அழுத்தத்தை முறைப்படி மாற்றி, முழுப் படத்தையும் ஒரு நிரை கீழே இறக்குகிறார்கள். அடி நிரை ஒரு தனி ஓடைக்குள் விழும். அங்கிருந்து ஒவ்வொரு படவணுவின் ஏற்றமும் (சேர்ந்த இலத்திரன்களின் மின்னளவு) மூலையிலுள்ள பெருக்கிக்கு நகரும், வோல்ற்றளவாகும், பிறகு எண்ணாகும். அந்த நிரை தீர்ந்த பின்தான் அடுத்தது. மலையில் நிரை பிடித்துத் தேயிலைக் கொழுந்தெடுத்தவர்கள் எல்லாரும் ஒரே மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) வந்து ஒரே தராசில் நிறுப்பதைப் போன்றது இது. சீமொஸ் உணரியில் நிரைதோறும் ஆள்தோறும் தராசு: பெருக்கி படவணுவுக்குள்ளேயே இருக்கிறது, ஏற்றம் அதைவிட்டு வெளியே போவதில்லை.

அதனால்தான் இன்னொரு நண்பர் சொன்ன ‘ஏற்றக் கடத்தல்’ முழுச் செயலுக்கும் பொருந்தாது. சீமொஸில் அப்படியொரு பயணமே இல்லை. கடத்தல் என்றால் எங்களுக்கு வெப்பக் கடத்தலும் நினைவுக்கு வரும். சிசிடியின் அந்தக் கட்டத்துக்கு மட்டும் ‘ஏற்ற நகர்த்தல்’ என்போம் (தமிழகத்தார் மின்னூட்டம் என்றே எழுதட்டும், சண்டையில்லை). அதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு நகர்விலும் ஏற்றத்தில் 99.999 சதவீதம் போய்ச் சேர்ந்தாலும், 2000 நகர்வுகளில் ஏறக்குறைய 2 சதவீதம் பின்தங்கிவிடும்.

இரண்டு வகைக்கும் பொதுவானது அளப்பதுதான். அளக்கும்போது எண்ணில் கலந்துவிடும் தற்செயல் பிழையான ரீட் நாய்ஸ் பிறப்பதும் அங்கேதான். நல்ல அறிவியல் கமராக்களில் அது சில இலத்திரன்கள் அளவே. ஒளிபட்ட நேரம் நீண்டாலும் அது அதிகரிக்காது, ஆனால் அவசரமாக அளந்தால் அதிகரிக்கும். ‘அளவெடுப்பு இரைச்சல்’ என்றால் இதெல்லாம் மாணவருக்குச் சொல்லிலேயே பிடிபடும். ‘வாசிப்பு இரைச்சல்’ என்றால், வகுப்பில் யாரோ சத்தமாகப் படிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

சரி, பின்னிங் (அடுத்தடுத்த படவணுக்களை ஒன்றாகச் சேர்த்தல்) என்பதற்கான சொல் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. சிசிடியில் நாலு படவணுக்களின் ஏற்றத்தை அளப்பதற்கு முன்பே ஒன்றாக்குவதால், நாலுக்கும் சேர்த்து ஒருமுறைதான் இரைச்சல். பல சீமொஸ் கமராக்களில் அளந்த பிறகே கூட்டுகிறார்கள், அந்த ஆதாயம் கிடைப்பதில்லை. முன்னதற்கு ‘ஏற்றச் சேர்ப்பு’, பின்னதற்கு ‘எண் சேர்ப்பு’ என்று பிரிக்கலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.