பிக்கப் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்புவது மட்டுமில்லை

உசிலம்பட்டியிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போயிருக்கும் தம்பி கேட்டது: "மேனேஜர் 'ஐ வில் பிக் திஸ் அப் வித் யூ டுமாரோ' என்றார். நான் எதை எடுத்துக்கொண்டு போகணும்?"

ஒன்றும் வேண்டாம் தம்பி. இதைப் பற்றி நாளைக்கு உங்களிடம் பேசுகிறேன் என்கிறார்.

நம் மதுரைப் பக்கம் பிக்கப்புக்கு வேலை கொஞ்சம்தான். மாட்டுத்தாவணியில் இறங்கி "வந்து பிக்கப் பண்ணிக்கடா" என்று போன் அடிப்போம். மேடு ஏறத் திணறும் பைக்குக்கு "பிக்கப்பே இல்ல" என்போம். அப்புறம் சரக்கு ஏற்றும் பொலிரோ பிக்கப். இங்கிலாந்தில் பேச்சுக்குப் பேச்சு இது வரும்.

வீட்டு விஷயங்கள் லேசு. போனை எடுப்பது, வரும் வழியில் பால் வாங்குவது, பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டி வருவது எல்லாம் பிக் அப்தான். "விண்ட் இஸ் பிக்கிங் அப்" என்றால் காற்று வலுக்கிறது. வியாபாரம் பிக் அப் ஆனால் சூடு பிடிக்கிறது. "பிக்ட் அப் எ பக்" என்று ஒருவர் லீவு போட்டால், ஐடிக்காரர்கள் கவனிக்க, அது சாப்ட்வேர் பக் இல்லை. வயிற்றுக் கோளாறோ காய்ச்சலோ தொற்றியிருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் காதில் விழுந்தே ஒரு பாஷை பழகுவதும் இதுதான். சித்திரை வீதிக் கடைக்காரர்கள் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் பிடித்துக்கொள்கிறார்களே, அப்படி.

உஷாராக இருக்க வேண்டிய இடம் ஆபீஸ். "கேன் யூ பிக் திஸ் அப்?" என்று கேட்டு நீங்கள் "யெஸ்" சொல்லிவிட்டால், முடிக்கும்வரை அந்த வேலை உங்கள் தலையில். கையில் வேறு வேலை இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். "கேன் ஐ பிக் யூ அப் ஆன் தட்?" என்றால் நீங்கள் சொன்னதில் ஏதோ சரியில்லை, திருத்தப் போகிறார். சிரித்த முகமாகத்தான் சொல்வார். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் ஆள் இல்லாமல் "ஐ பிக்ட் அப் ஆன் தட்" என்று வந்தால், அதைக் கவனித்துவிட்டேன் என்று மட்டும் அர்த்தம். நடுவில் 'யூ' இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேசும்போது "பிக் இட் அப்" என்று இட்டை நடுவில்தான் போடணும், "பிக் அப் இட்" கிடையாது. ஊரிலிருந்து வந்த அத்தை மகளை ஸ்டேஷனில் போய்க் கூட்டி வந்ததை "ஐ பிக்ட் அப் எ கேர்ள்" என்று சொல்லி வைக்காதீர்கள், ஆபீஸே திரும்பிப் பார்க்கும். "மை கசின்", "ஃப்ரம் த ஸ்டேஷன்" இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வம்பில்லை.

சாப்பிடப் போன இடத்தில் ஒருவர் "ஐ வில் பிக் அப் த பில்" என்றால் காசு அவர் கொடுக்கிறார். சிம்மக்கல் மெஸ்ஸில் செய்கிற மாதிரி கல்லாவுக்கு ஓடிப்போய் மல்லுக்கட்டாதீர்கள். அடுத்த தடவை நீங்கள் கொடுங்கள், சரியாப்போச்சு.