பெங்களூரா மாங்காய் விலை விழுந்தது அமெரிக்க வரியாலா?

போச்சம்பள்ளியிலிருந்து கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஓயாத சண்டை. கூழுக்குப் போகிற பெங்களூரா மாங்காயின் விலை 2025-ல் விழுந்ததற்கு, இந்தியச் சரக்குக்கு டிரம்ப் போட்ட 50% வரிதான் காரணம் என்கிறார்கள். அந்த வரியை நம்ம மாம்பழக் கூழ் ஆலையா கட்டுது?

காவேரிப்பட்டணம்: இல்லைங்க. அமெரிக்காவில் சரக்கை இறக்குமதி செய்கிற வியாபாரி, அமெரிக்கச் சுங்கத்துக்குக் கட்டுறார். 50% இருந்தப்போ 100 டாலர் சரக்குக்கு 50 டாலர். அப்புறம் "விலையைக் குறை" என்று ஆலையை நெருக்குவார். ஆலை காய் விலையில் கை வைக்கும். வரியின் வலி தோட்டத்துக்கு வர்ற வழி அதுதான்.

ஆனா தேதியைப் பாருங்க. காய் விலை சரிந்தது ஜூனில். 50% அமலானது ஆகஸ்ட் 27. அமோக விளைச்சலும், ஆலைகளில் தேங்கிய பழைய கூழும்தான் முக்கியக் காரணம். ஒரு கிலோ கூழுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ பழம் வேணும். கூழ் அடைச்ச டிரம் காலியாகாத ஆலை புதுக்காய் எடுக்கத் தயங்கும், மண்டியில் லாரிகள் வரிசையா நிற்கும்.

ஓசூர்: ஒரு திருத்தம் அண்ணா. ஏப்ரல் 5 முதலே 10% அடிப்படை வரி இருந்தது, அதையும் சொல்லணும். ஆனாலும் சவுதி மாதிரி வளைகுடா நாடுகள்தான் நம்ம கூழுக்குப் பெரிய சந்தை. நம்ம பக்கத்துக் கிரானைட்டுக்கு அந்த ஆறுதல் கிடையாது. பாலிஷ் போட்ட பலகையை அதிகம் வாங்குறதே அமெரிக்காதான். வரியைப் பற்றி வாதாடணும்னா அதை வெச்சுப் பேசுங்க.