மதராஸ் ஆர்மீனியரை ஆராயக் கிரபார் எதற்கு?

ஏடுதேடி:
ஆர்மீனியவியலுக்கு மேலைப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் ஆய்வு நல்கைகளைப் பற்றிய நேற்றைய இழையில், "கிரபார் தெரிந்திருக்க வேண்டும் என்பது வெளியாரைத் தடுக்கப் போட்ட வேலி, மதராஸ் ஆர்மீனியரைப் பற்றி எழுதக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவேடுகளே போதும்" என்று பாரிமுனைக்காரர் தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். கிரபார் என்பது பழைய இலக்கிய ஆர்மீனியம். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்', 1794இல் ஷ்மாவோனியன் பாதிரியாரால் இதே மதராசில் அச்சிடப்பட்டது. அதைப் படிக்கக் கிரபார் வேண்டும். தொல்காப்பியம் படிக்காமல் தமிழ் இலக்கண வரலாறு எழுதுகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், இதே பாரிமுனைக்காரர்தான் முதல் கல்லை எடுப்பார்.

பாரிமுனைக்காரன்:
பெரியவருக்கு வணக்கம். ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியதையும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்ததையும் நான் எழுதியபோது கிரபார் தேவைப்படவில்லை. நான் பார்த்த ஒரு நல்கை அறிவிப்பில் ஓராண்டு ஆய்வும் ஒரு பாடம் நடத்துவதும்தான் வேலை. பாடமோ இளநிலை மாணவர்களுக்கு, ஆங்கிலத்தில். அதற்கு எதற்கு ஐந்தாம் நூற்றாண்டு மொழி? வேலி என்றேன், வேலிதான்.

வணிகக்கடிதம்:
இருவரும் தவறான மொழிக்காக அடித்துக்கொள்கிறீர்கள். 1748இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய 'சாந்தா கத்தரீனா' கப்பலில் இருந்த ஏறக்குறைய 1,700 கடிதங்களும் தாள்களும் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. ஆர்மீனிய வணிகர் எழுதிய அக்கடிதங்கள் கிரபாரில் இல்லை. பாரசீகத்து இஸ்பகானை ஒட்டிய ஆர்மீனியக் குடியிருப்பான புதிய ஜுல்பாவின் வணிக வழக்கில் இருக்கின்றன. ஒரு கடிதத்தின் தலைப்பில் வெறுமனே 133 என்று நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் அதைக் கணக்கு எண் என்று கடந்துவிடுவார். அது ஜுல்பா வணிகர் வழங்கிய அசாரியா ஆண்டு. 1615ஐக் கூட்டினால் 1748 வரும். அந்த எண்ணையும் நம் க, உ, ங போல எழுத்தாலேயே குறித்திருப்பார்கள். இதைக் கிரபார் இலக்கண நூல் எதுவும் உங்களுக்குச் சொல்லித் தராது.

ஏடுதேடி:
அம்மா, அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவதாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். ஜுல்பா வழக்கைப் படிக்கிறவர் முதலில் கிரபார் படித்தவராகத்தான் இருப்பார். கல்லறைக் கற்களில் வேறு கணக்கு உண்டு, அங்கே 551ஐக் கூட்ட வேண்டும். எது எந்தக் கணக்கு என்று தெரிவதற்கும் கிரபார் வேண்டும்.

வணிகக்கடிதம்:
கூட்டல் தெரிவதற்குக் கிரபார் வேண்டும் என்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன், ஐயா.

மெய்ப்பு:
இடையில் ஒரு திருத்தம். பாரிமுனைக்காரர் பழைய பதிவில் 'அர்மேனியன் தெரு' என்று எழுதியிருக்கிறார். ஊரார் வாயில் அது அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியன் என்பது மருவி அரண்மனைக்காரன் ஆனதைக்கூட அறியாதவர் அத்தெருவின் வரலாற்றை எழுதுகிறார்.

பாரிமுனைக்காரன்:
அந்தத் தெருவில் பிறந்தவனுக்குத் தெருப்பெயர் சொல்லித் தருகிறார்கள்! 1772இல் எழுந்த ஆர்மீனிய மாதா கோவிலின் முற்றத்தில் கல்லறைக் கற்களை மிதித்துக்கொண்டு ஓடியவன் நான். ஆறு மணிகள் தொங்கும் அந்தக் கோபுரத்தை மெய்ப்பு எப்போதாவது நேரில் அண்ணாந்து பார்த்ததுண்டா?

ஏடுதேடி:
மிதித்தீர்கள், படித்தீர்களா?

இருக்கைக்கணக்கு:
சண்டை நடுவில் பணத்தை மறந்துவிட்டீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மனூகியன் நல்கை யார் பெயரில் இருக்கிறது? டெட்ராய்ட்டில் ஒற்றைக் கைப்பிடித் தண்ணீர்க் குழாய் விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பத்தின் பெயரில். ஆக்ஸ்போர்டின் ஆர்மீனியவியல் பேராசிரியர் இருக்கை எண்ணெய்ச் செல்வர் குல்பெங்கியன் பெயரில் இருக்கிறது. ஹார்வர்டில், ஆர்மீனிய எழுத்தை உருவாக்கிய மஷ்தோத்ஸ் பெயரிலான இருக்கைக்கு 1969இல் ராபர்ட் தாம்சன் வந்தார். அவர் ஆர்மீனியர் அல்லர், ஆங்கிலேயர். வேலி எங்கே இருக்கிறது? நாமோ ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டாலர் சேர்த்துவிட்டு, அடுத்த நாளே மாலை மரியாதையில் இறங்கிவிட்டோம்.

பாரிமுனைக்காரன்:
தாம்சன் கிரபார் அறிஞர். என் கட்சியைத்தான் நிரூபிக்கிறீர்கள்: கிரபார் தெரிந்த ஆங்கிலேயர் உள்ளே போகலாம், தெரியாத பாரிமுனைக்காரன் போக முடியாது.

ஏடுதேடி:
ஆகா, கிரபார் தெரிந்தால் யாரும் போகலாம் என்று இப்போது அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் அது வேலியன்று, வாசல். இதே மனிதர்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டு இழையில், வட்டெழுத்து படிக்கத் தெரியாத என்னைப் 'பதிப்புரை அறிஞர்' என்று எள்ளியவர் என்பதை நான் மறக்கவில்லை. அன்று மூல எழுத்து படிப்பது கடமையாக இருந்தது, இன்று அது அடக்குமுறையாகிவிட்டது.

இருக்கைக்கணக்கு:
தமிழ் இருக்கை பற்றி நான் சொன்னதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மெய்ப்பு:
'குல்பெங்கியன்' என்பதில் ஒற்று சரிதானா?

வணிகக்கடிதம்:
கேள்வியை எளிதாக்குகிறேன். சாந்தா கத்தரீனாக் கடிதம் ஒன்றின் படியை இங்கே இட்டால், ஏடுதேடி ஐயா தம் கிரபாரைக் கொண்டு நான்கு வரி படித்துக் காட்டுவாரா?

ஏடுதேடி:
படியின் தெளிவைப் பொறுத்தது. மேலும், நான் தொடக்கத்தில் பேசியது அஸ்தராரைப் பற்றி. அது கிரபார்.

பாரிமுனைக்காரன்:
உஸ்கான் பாலத்துக்குக் கிரபார் தேவைப்படவில்லை. மறுபடியும் சொல்கிறேன், தேவைப்படவில்லை.