குதிரை ட்ரெய்லரின் கூரைத் திறப்புக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திருவாரூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். குதிரையை ஊர்விட்டு ஊர் ஏற்றிப் போகும் ஓட்டுநர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் தமிழில் ஒரு சிறு கையேடு தயாராகிறது. மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, ஜன்னலும் காற்றோட்டமும் வரும் பக்கங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூலம் அமெரிக்க ட்ரெய்லர்களைப் பற்றியது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் மூடிய பெட்டி. நம் பக்கம் குதிரை பெரும்பாலும் குட்டியானையிலோ மினி லாரியிலோ திறந்த வெளியில் நின்றுகொண்டு போகிறது. மூடிய பெட்டி கட்ட நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

எனக்கு வேண்டியவை: 'ரூஃப் வெண்ட்', அதாவது ஒவ்வொரு குதிரை நிற்கும் இடத்துக்கும் மேலே கூரையில் ஒரு சதுரத் திறப்பு, அதற்கொரு மூடி. மூடியை முன்பக்கம் தூக்கி வைத்தால் வண்டி ஓடும்போது காற்று உள்ளே பாயும். பின்பக்கம் தூக்கி வைத்தால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இழுக்கும். அப்புறம் 'டிராப் டவுன்', குதிரையின் தலைப்பக்கத்து ஜன்னல். கீல் கீழே, தாழ்ப்பாள் மேலே, திறந்தால் வெளிப்பக்கம் தொங்கும். உள்ளே தனியாகக் கம்பி உண்டு. கடைசியாக 'லூவர்', சாய்வான பட்டைகளை வரிசையாக அடுக்கிய காற்றுத் திறப்பு.

'வெண்டிலேட்டர்' என்று எழுதிவிடலாம் என்றால், கொரோனாவுக்கு அப்புறம் அந்தச் சொல் ஆஸ்பத்திரியோடு போய்விட்டது. 'ட்ரெய்லர்' என்றாலே சினிமாதான் நினைவுக்கு வருகிறது, அதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

மன்னார்குடியிலிருந்து:

அம்மா, புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை, சொல் இருக்கிறது. காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூர் எடுத்த காதையில் 'மான்கண் காலதர் மாளிகை' என்று வருகிறது. மானின் கண்ணைப் போன்ற துளைகள் வைத்த காற்றுவழி. அது புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும் இடம், நம் காவிரி கடலில் சேரும் ஊர். கூரைக் காலதர், பக்கக் காலதர், தொங்கு காலதர் என்று ஒரு குடும்பமாகவே வளர்த்துவிடலாம்.

அதே காப்பியத்தின் மனையறம்படுத்த காதையில் சாளரமும் வருகிறது, தென்றல் வண்டோடு சாளரத்தின் குறுங்கண் வழியே நுழைவதாக. ஆனாலும் சாளரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடமொழி 'ஜால'த்தோடு அதற்கு உறவு சொல்வார்கள், வீண் வழக்கு. ஜன்னலோ போர்த்துகீசியம்.

நாகப்பட்டினத்திலிருந்து:

ஜன்னலுக்கு என்ன குறை ஐயா? 1658-இல் டச்சுக்காரர்கள் வந்து பிடுங்கிக்கொள்ளும்வரை எங்கள் ஊரில் போர்த்துகீசியர்தான் இருந்தார்கள். அவர்கள் மொழியிலிருந்து வந்தது ஜன்னல் மட்டுமா? சாவி, மேசை, அலமாரி எல்லாம் அந்த வரவுதான். ஜன்னலை விலக்குகிறவர் சாவியையும் விலக்கிவிட்டு வீட்டை எப்படிப் பூட்டுவார் என்று தெரியவில்லை.

கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பழைய கப்பல்களின் மேல்தளத்தில் அகன்ற வாயோடு வளைந்த காற்றுக்குழாய்கள் நிற்கும். காற்று வரும் திசைக்கு வாயைத் திருப்பினால் உள்ளே வாங்கும், எதிர்த் திசைக்குத் திருப்பினால் கீழே இருப்பதை இழுத்து வெளியே தள்ளும். அம்மா கேட்கும் கூரைத் திறப்புக்கும் இதே வேலைதான். அதனால் புகைபோக்கியைப் பார்த்து யாராவது 'காற்றுப்போக்கி' என்று கிளம்பினால் ஏற்காதீர்கள். போக்குவது பாதி வேலை. 'காற்றுவாரி' எப்படி?

ஒரத்தநாட்டிலிருந்து:

வாருவதும் பாதி வேலைதானே அண்ணே?

நான் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். முதலில் இந்தத் திறப்பு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், பெயர் அதற்குத் தக்கபடி வரட்டும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும், வாயால் விட அதற்கு வராது. தலையை உயர்த்திக் கட்டி மணிக்கணக்கில் ஓட்டிப் போனால் தலையைத் தாழ்த்திச் சளியைக் கழிக்க முடியாமல் தூசியும் கிருமியும் மூச்சுக்குழாயிலேயே தங்கும். நீண்ட பயணம் முடிந்த குதிரைக்கு நுரையீரல் அழற்சி வருவது இதனால்தான். போதாததற்கு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, வைக்கோல் தூசி. அதனால் ஐப்பசி அடைமழையிலும் கூரைத் திறப்பை முழுக்க மூடக் கூடாது. பின்பக்கமாகத் தூக்கி வைத்தால் ஓடும் வண்டிக்குள் மழை அதிகம் வராது.

வண்டியை நிறுத்திவிட்டால் கதை வேறு. ஓட்டக் காற்று கிடையாது. சூடு மேலே ஏறித்தான் வெளியே போக வேண்டும், அது போகப் பக்கத்து ஜன்னல் வழியாகப் புதுக் காற்று வர வேண்டும். சித்திரை வெயிலில் டீ குடிக்க நிறுத்துகிறவர் இரண்டையும் திறந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தலைப்பக்கத்து ஜன்னலில் ஓடும்போது கம்பி கட்டாயம். குதிரை தலையை வெளியே நீட்டினால் கல்லோ கிளையோ கண்ணில் அடிக்கும்.

லூவருக்குச் 'சாய்பட்டை' போதுமே. எந்தச் சொல்லாக இருந்தாலும் ஓட்டுநர் ஒரு தடவை படித்ததும் கை சரியான இடத்துக்குப் போக வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து:

மருத்துவர் அம்மா சொன்னது முழுக்கச் சரி, அதனால்தான் காலதர் என்கிறேன். கால் என்ற சொல்லின் ஆழத்தைப் பாருங்கள். காற்று மட்டுமல்ல, சக்கரமும் கால்தான். 'கடலோடா கால்வல் நெடுந்தேர்', குறள் 496. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தில் குவிந்தவற்றைச் சொல்லும்போது 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும் காலின் வந்த கருங்கறி மூடையும்' என்று வருகிறது. மிளகு மூட்டை வந்த அந்தக் 'கால்' வண்டி என்பார் உண்டு, காற்று என்பாரும் உண்டு. அடுத்தடுத்த அடிகளில் குதிரையும் காலும்! குதிரையின் கால், வண்டியின் கால், காற்றாகிய கால் மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன. வேறு எந்த மொழியிலாவது இது கிடைக்குமா?

கும்பகோணத்திலிருந்து:

சிக்கலே அதுதான் ஐயா. எனக்கு வண்டிக்குப் பாடி கட்டுகிற வேலை. 'நிறுத்தியதும் காலதரைத் திறந்து வை' என்று எழுதினால் எங்கள் ஓட்டுநர் நேரே பின்னால் போய்க் குதிரை கால் வைத்து ஏறும் சாய்பலகையை இறக்கிவிடுவார். அப்புறம் குதிரையைத் தஞ்சாவூர் ரோட்டில்தான் தேட வேண்டும்.

பட்டறையில் கூரையில் இருப்பது 'மேல்மூடி', பக்கத்தில் இருப்பது 'ஷட்டர்', கம்பி வைத்தது 'கிரில்'. இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

நீடாமங்கலத்திலிருந்து:

காற்றை வேலை வாங்குவது என்ற பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்துச் சொத்து ஒன்று. கோயில்வெண்ணிதான் பழைய வெண்ணி. வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடிய புறநானூறு 66-இல் அவன் முன்னோரை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். காற்றின் தொழிலை ஆண்டவன். அதிலிருந்து 'வளியாளி' என்று ஆக்கினால் வாங்குவதும் போக்குவதும் இரண்டும் அடங்கும்.

ஒரத்தநாட்டிலிருந்து:

வளி என்றால் எங்கள் ஊர்ச் சித்த வைத்தியர் சுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்புவார் ஐயா.

வேதாரண்யத்திலிருந்து:

இழை முழுவதும் படித்தேன். பெட்டியின் பெயரில் மட்டும் 'குதிரை' ஏன்? பரி, புரவி, இவுளி, மா என்று எத்தனை இருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயத்தில் காட்டில் திரியும் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவுளி என்ற சொல்தான் வாயில் வரும். 'இவுளியூர்தி' என்று வைத்தால்?

திருவாரூரிலிருந்து:

கையேட்டின் பெயர் அச்சாகிவிட்டது ஐயா, குதிரைதான். கூரைக்கு வாருங்கள்.

திருவையாற்றிலிருந்து:

விவசாயி சொல்கிறேன், கேளுங்கள். டெல்டாவில் பிறந்தவனுக்கு வாய்க்கால் எது, வடிகால் எது என்று சொல்லித்தர வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, வடிகாலில் போகிறது. வடிகால் அடைந்தால் எத்தனை நல்ல நாற்றும் அழுகும், வாய்க்கால் அடைந்தால் கருகும். மருத்துவர் அம்மா குதிரைப் பெட்டிக்குச் சொன்னதும் இதைத்தான். வரவும் வேண்டும், வடியவும் வேண்டும், அளவும் நம் கையில் இருக்க வேண்டும்.

அளவைக் கையில் வைத்திருப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் மதகு. திறக்கலாம், மூடலாம், பாதி தூக்கலாம். எனவே 'காற்றுமதகு'. முன்பக்கம் தூக்கினால் வரத்து, பின்பக்கம் தூக்கினால் வடிப்பு. 'மழையில் மதகைப் பின்பக்கம் பாதி தூக்கு' என்றால் புரியாதவர் உண்டா?

மன்னார்குடியிலிருந்து:

வாய்க்கால், வடிகால், கல்லணைக் கால்வாய், எல்லாவற்றிலும் நிற்பது என் கால்தான் என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். தண்ணீர் போகும் வழிக்குக் கால் ஆகலாம், காற்று போகும் வழிக்கு ஆகாதா?

அப்புறம் மதகு நீருக்கே உரியது. வளைத்துக் காற்றில் மாட்டுவது சொல்லுக்குச் செய்யும் கொடுமை.

திருவையாற்றிலிருந்து:

'காற்றோட்டம்' என்கிறோம். ஓட்டம் காலால் ஓடுகிறவனுக்கு உரியது. அதைக் காற்றில் மாட்டியபோது யாரும் அழவில்லையே ஐயா.

நாகப்பட்டினத்திலிருந்து:

மதகு நன்றாகத்தான் இருக்கிறது, வாரியை விட்டுத் தருகிறேன். ஒரு சந்தேகம்: கையேடு டெல்டாவுக்கு மட்டுமா? வாய்க்கால் பாசனமே பார்க்காத ஊரில் எடுபடுமா?

கும்பகோணத்திலிருந்து:

மதகு எங்கும் தெரியும் அண்ணே, அணை இல்லாத மாவட்டம் ஏது? ஆனால் மதகு என்றதும் செங்குத்தாக மேலே ஏறும் பலகைதான் கண்ணில் வரும். இந்த மூடி ஒரு பக்கம் மட்டும் நிமிரும். அதனால் என் ஓட்டு மேல்மூடிக்கே.

இன்னொன்று. தொங்கும் ஜன்னலை 'இறக்கு ஜன்னல்' என்று எழுதிவிடுங்கள். ஆள் இறக்க வேண்டியது, பெயரிலேயே இருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து:

ஜன்னலோடு எனக்குச் சண்டை என்பது தெரிந்ததே. அது இருக்கட்டும், 'கதவு' என்று மாற்றினால் 'இறக்குகதவு' என்று எழுத வேண்டும், 'இறக்குக்கதவு' அல்ல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு பார்க்க. நேற்றைய ஒரு மடலில் 'இறக்குக்கதவு' என்று கண்டதாக நினைவு.

நீடாமங்கலத்திலிருந்து:

யாரும் அப்படி எழுதவில்லை ஐயா, நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் 'இறக்கு' என்பதைப் பெயராகக் கொண்டால் மிகலாம் அல்லவா?

(இதன் பின் வந்த ஒன்பது மடல்கள் புணர்ச்சி பற்றியவை. தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மட்டுறுத்துநர்.)

திருவாரூரிலிருந்து:

வியாழன் இரவு. அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், காற்றுமதகுக்குக் கொஞ்சம் கூடுதல் கை, மேல்மூடிக்கு அதற்கு அடுத்து. காலதருக்கு ஐயா ஒருவர்தான், ஆனால் மடல்களின் எண்ணிக்கையில் ஐயாதான் முதல். சாய்பட்டையை யாரும் எதிர்க்கவில்லை, கண்ணில் படவில்லையோ என்னவோ.

இப்படி அனுப்புகிறேன். படத்தில் அம்புக்குறியோடு 'காற்றுமதகு'. அதன் அடியில்: 'கூரையில் உள்ள மேல்மூடி. ஓடும்போது முன்பக்கம் தூக்கினால் காற்று உள்ளே வரும், பின்பக்கம் தூக்கினால் சூடு வெளியே போகும். மழையிலும் முழுக்க மூடாதே.' தலைப்பக்கத்துக்கு 'இறக்கு ஜன்னல்', பக்கத்திலேயே சிவப்பில்: 'ஓடும்போது கம்பி இல்லாமல் திறக்காதே.'

மன்னார்குடியிலிருந்து:

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது காலதர் வர வேண்டும். இன்று புரியாத சொல் எழுத எழுதப் புரியும். பேருந்து என்ற சொல்லும் முதல் நாளே யாருக்கும் புரிந்துவிடவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

கையேட்டில் எது வந்தாலும் சரி அம்மா. அடுத்து நான் கட்டும் பெட்டியில் மூடியின் முன் விளிம்பில் 'வரத்து', பின் விளிம்பில் 'வடிப்பு' என்று பெயிண்டில் எழுதிவிடப் போகிறேன். திருவையாற்று அண்ணன் சொன்னதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நாகப்பட்டினத்திலிருந்து:

வடிப்பு என்றால் சோறு வடிப்பதல்லவா? 'போக்கு' என்று எழுது தம்பி.

திருவையாற்றிலிருந்து:

குதிரை நிற்கிற பெட்டியில் 'போக்கு' என்று எழுதி வைத்தால் என்ன நினைப்பார்கள் என்று மருத்துவர் அம்மாவைக் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.