தாத்தா விட்டுச்சென்ற ஆஸ்டின் செவன் பந்தயக் காரைச் சீரமைக்க, முதலில் எதில் கை வைப்பது?

உசிலம்பட்டி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துத் தகரக் கொட்டகையில், 1930களைச் சேர்ந்த ஆஸ்டின் செவன் என்ற சிறிய பிரிட்டிஷ் கார் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. இரண்டு பேர் மட்டுமே அமரலாம். பின்புறம் கூராகக் குவியும் அலுமினியக் கூடு. வீட்டில் எல்லோரும் அதை, செவனின் பந்தய வகையான ‘அல்ஸ்டர்’ என்றே சொல்வார்கள். ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் அரைச் சுற்றில் நின்றுவிடுகிறது. கூட்டைப் புதிதாக அடித்து, வேறு எஞ்சினும் பொருத்தித் தருவதாக மதுரையில் ஒரு பட்டறையில் சொன்னார்கள். எனக்குச் சம்மதிக்க மனம் வரவில்லை.

கே.புதூர் லேத் பட்டறைக்காரர்:
சம்மதிக்காதீர்கள் தம்பி. ஹேண்டிலையும் இனி அழுத்திச் சுற்ற வேண்டாம். அந்த 747 சிசி எஞ்சினின் தொடக்கக்கால வகைகளில், பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவன இரண்டு பேரிங்குகள் மட்டுமே. நடுவில் தாங்கல் இல்லாததால் வேகத்தில் அது வளைந்து வளைந்து, கடைசியில் முறிந்துவிடும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி, தடுப்பது எது என்று முதலில் பாருங்கள். பிறகு ஷாஃப்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசிச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பரப்பில் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு எழும். அப்படி எழுந்தால், வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மரைகளிலும் கவனம் தேவை. பழைய பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. கைக்குக் கிடைத்த போல்ட்டை முறுக்கி ஏற்றினால் ஷாஃப்டைச் சுற்றியுள்ள அலுமினியப் பெட்டியான கிராங்க்கேஸின் மரை அழிந்துவிடும்.

திருநகர் வாசகர்:
பெயரைப் பற்றி ஒரு சொல். 1929இல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் நடந்த ஆர்ட்ஸ் பந்தயத்தில், ஜெர்மன் ஓட்டுநர் கரச்சோலாவின் மெர்சிடிஸ் முதலில் வர, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டிய ஆஸ்டின் செவன்கள் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தன. அதன் நினைவாகவே அந்தப் பெயர் வந்தது. ஆனால் சாதாரண செவனின் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மீது அதே வடிவக் கூட்டை ஏற்றிய கார்கள் ஏராளம். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பழைய ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் ‘அல்ஸ்டர்’ என்று எங்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். சாதாரண செவனாகவே இருந்தாலும் அது காப்பாற்றத் தகுந்ததுதான்.

2021இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தை ‘விஏ’ வரிசை எண்ணில் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பட்டறை சொன்னபடி செய்திருந்தால் இந்த வழியே அடைபட்டிருக்கும்.

உசிலம்பட்டி வாசகர்:
இருவருக்கும் நன்றி. நேற்று ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் இல்லாத துளை வழியாகக் குளவி நுழைந்து, உள்ளே மண்கூடு கட்டியிருந்தது. பிஸ்டன் அதில்தான் முட்டி நின்றிருக்கிறது. மண்ணை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தோம். சுவரில் துரு லேசாகத்தான் இருக்கிறது. ஷாஃப்டை வரும் ஞாயிறு புதூருக்குக் கொண்டுவரலாமா அண்ணா?

கே.புதூர் லேத் பட்டறைக்காரர்:
கொண்டுவாருங்கள். பிஸ்டனையும் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளையும், அவற்றின் மூடிகள் இடம் மாறாதபடி எண் குறித்து எடுத்து வாருங்கள். அவற்றின் பேரிங்கில் பூசியிருக்கும் ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை உதிர்ந்திருந்தால் மறுபடி ஊற்றித்தான் ஆக வேண்டும்.